உங்கள் காலின் சிரைகளை நீங்களே பார்த்து அறிவது எப்படி

காலுக்கு ரத்தம் இறங்கும்போது இதயத்தின் உந்துதலும் புவியீர்ப்பும் சேர்ந்து உதவுகின்றன. அது திரும்பி ஏற வேண்டிய நேரத்தில் முதலாவது ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கிறது; இரண்டாவதோ எதிராக நிற்கிறது. அசையாமல் நிற்கும் ஒருவருடைய கணுக்காலருகே சிரையின், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயின், அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். அங்கிருந்து இதயம் வரை தொடர்ந்து நிற்கும் ரத்தத்தின் எடையே அந்த அழுத்தம். அதே மனிதர் நடக்கத் தொடங்கிச் சில அடிகள் வைத்ததும் அது சுமார் 30 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இப்படி அழுத்தத்தை இறக்கும் ஏற்பாடு நம் காலில் எங்கெங்கே அமைந்திருக்கிறது, அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைப் பெரிய கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளலாம். நோய் இன்னதென்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மாலை நேரமே ஏற்றது. இரவெல்லாம் படுத்திருந்த காலில் சிரைகள் வற்றியிருக்கும். பகல் முழுவதும் நின்றும் நடந்தும் திரிந்த காலில்தான் அவை புடைத்துத் தெரியும். நல்ல வெளிச்சம், ஓர் இஞ்சு டேப், காலின் பின்புறத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி, கூடுமானால் உடன் ஒருவர் ஆகியவை போதும். நின்றபடிதான் பார்க்க வேண்டும். படுத்துக்கொண்டு பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு செய்வது பலருக்கும் நேரும் பிழை.

பார்ப்பதற்கு முன் ஒரே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: கால் சிரையில் ரத்தம் கீழிருந்து மேலே செல்ல வேண்டும், தோலுக்கடியிலிருந்து உள்ளே ஆழத்துக்குச் செல்ல வேண்டும். கீழே வரும் செய்திகள் அனைத்தும் இந்த இரண்டு திசைகளின் விரிவுதான். பாதம் மட்டும் இதற்கு விலக்கு; அங்கே உள்ளங்காலின் ஆழத்தில் உள்ள ரத்தம் ஒவ்வோர் அடியிலும் நசுக்கப்பட்டு, பெரிதும் மேற்புறத்துக்கே தள்ளப்படுகிறது.

தோலுக்கடியில் உள்ள சிரைகளைக் கண்டுபிடித்தல்

பாதத்தின் மேற்புறத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், குறுக்கே வளைந்து ஓடும் ஒரு சிரையை முதலில் தேடுங்கள். மெலிந்த கால்களில் அது தெளிவாகவே தெரியும். இந்த வளைவின் இரு முனைகளிலிருந்தும்தான் காலின் இரண்டு பெரிய மேற்சிரைகள் புறப்படுகின்றன.

கட்டைவிரல் பக்கத்து முனையிலிருந்து கிளம்புவது பெரிய சஃபீனஸ் சிரை. உடலிலேயே மிக நீளமான சிரை இதுதான். கணுக்காலின் உட்புற எலும்பு மேட்டில் ஒரு விரலை வைத்து, அதை அப்படியே முன்னோக்கி நகர்த்துங்கள். மேட்டுக்குச் சற்று முன்னால், விரலுக்கடியில் உருளும் குழாயாக அது தட்டுப்படும். இந்த இடத்தில் அது பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. அதனால்தான், கையில் சிரை எதுவும் கிடைக்காத அளவுக்கு ரத்தம் இழந்த நோயாளிக்கு அவசரமாக நீர் ஏற்ற வேண்டியபோது, மருத்துவர்கள் நெடுங்காலம் இவ்விடத்தில் தோலைக் கீறி இந்தச் சிரையைத் தேடி எடுத்தார்கள். இங்கிருந்து அது காலின் உட்புறமாகவே ஏறி, முழங்கால் மூட்டின் அருகே, முழங்கால் சில்லின் உள்விளிம்பிலிருந்து ஒரு கையகலம் பின்னால் தள்ளிச் சென்று, தொடையின் உட்புறம் வழியாகத் தொடை இடுக்கை அடைகிறது. இடுக்குக்குச் சற்றுக் கீழே ஆழத்துக்குள் புகுந்து, தொடையின் முதன்மைச் சிரையில் சேர்கிறது. தொடையில் இதைக் கண்ணால் காண முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். அங்கே அது கொழுப்புக்குள், ஒரு மெல்லிய உறைக்கு உள்ளே கிடக்கிறது; ஆரோக்கியமான தொடையில் தெரியாமல் இருப்பதே இயல்பு.

சுண்டுவிரல் பக்கத்து முனையிலிருந்து வருவது சிறிய சஃபீனஸ் சிரை. இது கணுக்காலின் வெளிப்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஏறி, கெண்டைக்காலின் பின்புற நடுக்கோட்டில் மேலே சென்று, பெரும்பாலானோருக்கு முழங்காலின் பின்மடிப்பில் ஆழத்தில் புகுகிறது. எந்த உயரத்தில் புகும் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறுபடும். முழங்காலுக்குக் கீழே இவ்விரண்டு சிரைகளையும் ஒட்டித் தோலுணர்வு நரம்புகள் ஓடுகின்றன. சிரைக்குச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு உட்கணுவின் பக்கத்திலோ பாதத்தின் வெளி ஓரத்திலோ மரத்துப்போவதற்கு இந்த நெருக்கமே காரணம்.

கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி

மேலே நாம் தேடியவை எல்லாம் சேர்ந்து காலின் ரத்தத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோதான் திருப்பி அனுப்புகின்றன. மீதி அனைத்தும் ஆழ்சிரைகளின் வேலை. பழுதான மேற்சிரையை அடைத்துவிட்டாலும் கால் கெட்டுப்போகாமல் இருப்பதன் காரணம் இதுவே. பேச்சுவழக்கில் சிரையையே நரம்பு என்று சொல்லி, “நரம்பை எடுத்துவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும்” என்ற அச்சத்தில் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆழ்சிரைகளைத் தொட முடியாது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்பதை, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான தமனியின் துடிப்பைக் கொண்டு ஊகிக்கலாம். முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு தமனிக்கும் இருபுறமும் ஒவ்வொரு சிரையாக இணை இணையாக ஏறுகின்றன. உட்கணுவுக்குப் பின்னால் விரலை அழுத்தித் துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்தத் தமனியை அணைத்தபடி பின்புறக் கீழ்க்கால் சிரைகள் அங்கே ஓடுகின்றன. இவையெல்லாம் முழங்காலின் பின்குழியில் ஒன்றாகி, தொடையில் ஏறி, இடுப்புக்குள் நுழைகின்றன. தொடை இடுக்கில் துடிப்பு தெரியும் இடத்துக்கு உட்பக்கமாக, விரலகலத் தொலைவில், காலின் ரத்தம் ஏறக்குறைய முழுவதையும் சுமக்கும் பெருஞ்சிரை இருக்கிறது.

இடுப்புக்குள் போனதும் இடதுகாலுக்கு ஒரு சிறு பாதகம் காத்திருக்கிறது. வலதுகாலுக்குப் போகும் பெருந்தமனி, இடதுகாலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்கே சென்று, அதை முதுகெலும்பின் மீது அழுத்துகிறது. எல்லோருக்கும் இருக்கும் அமைப்புதான் இது; ஆனால் அழுத்தம் மிகும் சிலருக்கு இடதுகால் வீங்குவதற்கும், அதில் ரத்தம் உறைவதற்கும் இது வழிசெய்கிறது. கர்ப்பகாலத்தில் ஏற்படும் ஆழ்சிரை உறைவு மிகப் பெரும்பாலும் இடதுகாலிலேயே வருவதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

மேற்சிரைக்கும் ஆழ்சிரைக்கும் நடுவே தசைகளை இறுக்கிச் சுற்றிய உறுதியான உறை ஒன்று இருக்கிறது. அந்த உறையைத் துளைத்துக்கொண்டு இரண்டையும் இணைக்கும் குறுஞ்சிரைகள் ஒரு காலில் நூற்றுக்கும் மேல் உண்டு. இவற்றில் கணுக்காலுக்குச் சற்று மேலே உட்புறமாக இருப்பவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் முகம் காட்டும்.

வால்வைச் சோதித்துப் பார்த்தல்

சிரைக்குள் மெல்லிய இரண்டு இதழ்களைக் கொண்ட வால்வுகள் இடைவெளிவிட்டு அமைந்திருக்கின்றன. கீழிருந்து ரத்தம் வந்தால் திறக்கும். மேலிருந்து வந்தால் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் குழாயடியில் ஃபுட் வால்வு செய்கிற வேலைதான் இது. ஒரே வேறுபாடு, இங்கே வால்வு அடியில் மட்டும் இல்லாமல் வழிநெடுகப் பல இருக்கின்றன. தொடையைவிட முழங்காலுக்குக் கீழே அவை நெருக்கமாக அமைந்திருக்கின்றன. வயிற்றின் பெருஞ்சிரையில் அவை இல்லவே இல்லை.

இத்தாலியின் பதுவா நகரின் உடற்கூறியல் ஆசிரியர் ஃபப்ரீசியஸ் 1603இல் இந்த வால்வுகளைப் படம் வரைந்து வெளியிட்டார். ஆயினும், ரத்தம் கைகால்களை நோக்கி மிக வேகமாக வழிந்துவிடாமல் தடுக்கவே இவை இருக்கின்றன என்று அவர் கருதினார். அவரிடம் பயின்ற ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல், அவை ரத்தத்தை இதயத்தின் பக்கமாக மட்டுமே விடுகின்றன என்று நிறுவினார். அதற்கு அவர் செய்துகாட்டிய சோதனை இன்றும் எவரும் செய்யக்கூடியது. காலைவிட முன்கையில் இது எளிது என்பதால் முதலில் கையில் பழகிக்கொள்ளுங்கள்.

மேற்கையைத் துணியால் மிதமாகக் கட்டி, கையைத் தொங்கவிட்டுச் சிரைகள் புடைக்கும்வரை காத்திருங்கள். கிளை இல்லாத ஒரு நேரான சிரையைத் தேர்ந்தெடுத்தால், அதில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும், அவையே வால்வுகள். சிரையின் கீழ்ப்பகுதியில் ஒரு விரலை வைத்து அழுத்தியபடியே, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, முடிச்சைத் தாண்டும்வரை ரத்தத்தை வழித்துவிடுங்கள். பிறகு மேல்விரலை எடுங்கள். மேலே உள்ள ரத்தம் முடிச்சுவரை வந்து நின்றுவிடும்; முடிச்சுக்கும் கீழ்விரலுக்கும் இடையே சிரை வெறுமையாகவே கிடக்கும். கீழ்விரலை எடுத்த நொடியில் அது நிரம்பிவிடும். முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பாதத்தின் மேற்புறச் சிரைகளிலும் இதையே செய்யலாம். ஆனால் அங்கே கிளைகள் அதிகம் என்பதால் விடை தெளிவாக வராமல் போகலாம். சிவந்து, கெட்டிப்பட்டு, தொட்டால் வலிக்கும் சிரையில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ 1967இல் கிளீவ்லாந்தில், அடைபட்ட இதயத் தமனியைச் சுற்றி மாற்றுப்பாதை அமைக்கப் பெரிய சஃபீனஸ் சிரையைப் பயன்படுத்தினார். பைபாஸ் அறுவையில் இந்தச் சிரையைக் காலிலிருந்து எடுத்தவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்த வேண்டும். இல்லையேல் வால்வுகள் ரத்தத்தை வழிமறித்துவிடும். பைபாஸ் செய்துகொண்டவரின் காலில் தெரியும் நீண்ட தழும்பு பெரும்பாலும் இந்தச் சிரையின் வழித்தடமே.

கெண்டைக்கால் பம்பை இயக்குதல்

வால்வு திசையைக் காக்கும். ஆனால் உந்தித் தள்ளாது. உந்துவது கெண்டைக்கால் தசை. அதன் உள்ளே, குறிப்பாக ஆழத்தில் உள்ள தட்டையான தசையில், ரத்தம் தேங்கும் அகன்ற பைகள் போன்ற சிரைகள் உள்ளன. குதிகாலை உயர்த்தும்போது தசை சுருங்கி, இறுக்கமான உறைக்குள் விரிய இடமில்லாமல் அவற்றைப் பிழிகிறது. ஒரே சுருக்கத்தில் அங்கே உள்ள ரத்தத்தில் பாதிக்கும் மேல் மேலேறிவிடுகிறது. தசை தளர்ந்ததும் ஆழ்சிரையின் அழுத்தம் விழுகிறது. அப்போதுதான் தோலடிச் சிரைகளின் ரத்தம் இணைப்புச் சிரைகள் வழியாக உள்ளே பாய்கிறது. ஆகவே, இறுக்குவதைப் போலவே தளர்த்துவதும் வேலையில் பாதி. தசையை இறுக்கியபடியே வைத்துக்கொண்டிருப்பவருக்குப் பம்பு ஓடாது.

இதை இயக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இரு குதிகால்களையும் மெதுவாக உயர்த்தி, மெதுவாகத் தரையில் படும்வரை இறக்குங்கள். பத்து முறை செய்தால் பாதத்தின் மேற்சிரைகள் தளர்ந்து தட்டையாவதைக் கண்ணால் பார்க்கலாம். உட்கார்ந்திருப்பவர் பாதத்தை மேலும் கீழுமாக அசைத்தாலே பயன் உண்டு. கணுக்கால் மூட்டு முழுவதுமாக மடங்கி நிமிர வேண்டும் என்பதே முக்கியம். மூட்டுவாதத்தால் கணுக்கால் விறைத்துப்போன முதியவர்களுக்கு, சிரைகள் நன்றாக இருந்தும் கால் வீங்குவது இதனால்தான்.

மூச்சை நன்றாக உள்ளே இழுத்தால் காலின் ரத்தம் உறிஞ்சப்பட்டு மேலேறும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். படுத்திருப்பவரின் தொடைச் சிரையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்கி வயிற்றின் அழுத்தம் கூடுவதால், காலிலிருந்து வரும் ஓட்டம் தணிகிறது. மூச்சை விடும்போதுதான் அது மீண்டும் பாய்கிறது.

நிற்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்குப் பம்பு இருந்தும் ஓட வாய்ப்பில்லை. துணிக்கடை விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தியது, உடற்கூறியல் கண்ணோடு பார்த்தால் மிகத் தாமதமான காரியம். ஆனால் உட்கார்ந்தபடியே அசையாதிருப்பதும் முழுத் தீர்வாகாது. இருக்கை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்கவும், சில அடிகள் நடக்கவும் வேண்டும்.

பழுதை அடையாளம் காணுதல்

வால்வுகள் சரியாகப் பொருந்தாதபோது, மேலேறிய ரத்தம் இறங்கி, சிரையை விரித்து, நெளியச் செய்கிறது. நின்றபடி பார்க்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிவப்பு அல்லது ஊதா நிற இழைகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் தோற்றக் குறை மட்டுமே. மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்று புடைத்து நிற்பவையே வெரிகோஸ் வெயின் எனப்படும் சுருள்சிரைகள். எங்கே புடைத்திருக்கின்றன என்று பாருங்கள்: தொடையின் உட்புறமும் கெண்டைக்காலின் உட்புறமும் என்றால் பெரிய சஃபீனஸின் மீதும், கெண்டைக்காலின் பின்புறம் என்றால் சிறியதன் மீதும் ஐயம் கொள்ளலாம்.

தலைசுற்றல் இல்லாதவர்கள் மேலும் ஒன்றைச் செய்து பார்க்கலாம். படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்தி, சிரைகள் வற்றியதும், துணையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். நல்ல காலில் சிரைகள் கீழிருந்து மெல்ல, ஏறக்குறைய 20 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு நிரம்பும். மேலிருந்து மளமளவென்று நிரம்பினால் வால்வு ஒழுகுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ட்ரெண்டெலென்பர்க்கின் பெயரால் வழங்கும் சோதனையின் அடிப்படை இதுதான்.

சுருள்சிரையைவிட நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வது, உட்கணுவுக்கு மேலே உள்ள தோலை. நடந்தாலும் அழுத்தம் இறங்காத காலில், நுண்ணிய நாளங்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்பு தோலில் தங்கிப் பழுப்பு நிறக் கறையை உண்டாக்குகிறது. பின்னர் அரிப்பு, தோல் தடித்து இறுகுதல், இறுதியில் ஆறாத புண் என்று அது முன்னேறும். இந்தக் கறையைத் தேமல் என்றோ படை என்றோ எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் பலர். தோலுக்கு எவ்வளவு தடவினாலும் உள்ளே அழுத்தம் குறையாது.

டாப்ளர் அறிக்கையைப் படித்தல்

மருத்துவர் எழுதித் தரும் டாப்ளர் ஸ்கேன், அதாவது ஒலியலைகளைக் கொண்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை, இப்போது நீங்கள் கையால் தேடிய வரைபடத்தையே திரையில் காட்டும். அறிக்கையில் ஜி.எஸ்.வி. என்பது பெரிய சஃபீனஸ், எஸ்.எஃப்.ஜே. என்பது அது தொடை இடுக்கில் ஆழ்சிரையோடு சேரும் இடம். ரிஃப்ளக்ஸ் என்பது ரத்தம் கீழே திரும்பி ஓடுவதைக் குறிக்கும். மேற்சிரையில் அது அரை விநாடிக்கு மேலும், தொடை, முழங்கால் ஆழ்சிரைகளில் ஒரு விநாடிக்கு மேலும் நீடித்தால்தான் பழுதாகக் கொள்வார்கள். கம்ப்ரெஸிபிள் என்றால், கருவியால் அழுத்தும்போது சிரை முழுதும் நசுங்குகிறது, உள்ளே உறைவு இல்லை என்று பொருள். சில பழைய அறிக்கைகளில் ‘சூப்பர்ஃபீஷியல் ஃபெமோரல் வெயின்’ என்ற பெயர் வரும். பெயர் எப்படி இருந்தாலும் அது ஆழ்சிரையே, அதில் உறைவு என்றால் அது அவசரச் செய்தி.

அழுத்தக் காலுறையை அணிதல்

காலை வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்து, சிரையில் ரத்தம் தேங்காமல் மேலேற உதவும் இந்தக் காலுறையை வாங்குவதற்கு முன் பாதத்தின் தமனித் துடிப்பைப் பார்த்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், சிறிது நடந்தாலே கெண்டைக்காலில் வலி கண்டு நிற்பவர்கள் ஆகியோர் கணுக்கால், மேற்கை ரத்த அழுத்தங்களை ஒப்பிடும் சோதனையைச் செய்யாமல் அணியக் கூடாது. தமனி சுருங்கிய காலை வெளியிலிருந்தும் இறுக்கினால் பாதம் அழுகும் அளவுக்குக் கேடு விளையும். அளவைக் காலையில், வீக்கம் இல்லாதபோது, கணுக்காலின் மிக ஒடுங்கிய இடத்திலும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்திலும் எடுங்கள். காலை எழுந்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அணிவது நல்லது. குதிகால்வரை உள்புறத்தை வெளியே திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, குதிகாலின் பை சரியாக அமர்ந்த பிறகு, மீதியைச் சுருக்கமின்றி மேலே உருட்டுங்கள். மேல்விளிம்பை மட்டும் ஒருபோதும் மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகி, ஏற வேண்டிய ரத்தத்தை அதுவே தடுத்துவிடும். நம் வெயிலில் பகலெல்லாம் அணிவது கடினம் என்பது உண்மையே. நிற்கும் மணிநேரங்களிலாவது அணிந்து, வீட்டுக்கு வந்ததும் இதயத்தின் உயரத்துக்கு மேல் காலைத் தூக்கிவைத்துக் கால்மணி நேரம் படுப்பது ஒரு நடைமுறைச் சமரசம்.

தாமதிக்கக் கூடாதவை

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால், முழங்காலுக்குக் கீழே முன்புறம் தெரியும் எலும்பு முடிச்சிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரு கால்களின் சுற்றளவையும் இஞ்சு டேப்பால் அளந்து பாருங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்து, கெண்டைக்காலும் வலித்தால், ஆழ்சிரை உறைவை ஐயுற்று அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேறுபாடு குறைவாக இருப்பதாலேயே உறைவு இல்லை என்றாகிவிடாது. எண்ணெய் தேய்த்து நீவுவது, வலுவாகப் பிடித்துவிடுவது ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், உறைவு நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் உடனே 108ஐ அழையுங்கள்.

சுருள்சிரை வெடித்து ரத்தம் பீறிட்டால் நாற்காலியில் உட்காராதீர்கள், எழுந்து நடக்கவும் செய்யாதீர்கள். அந்த இடத்திலேயே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் காயத்தின் மேலேயே பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். தொடையைக் கயிற்றால் கட்டுவது, சிரையின் திரும்பும் வழியை அடைத்து ரத்தப்போக்கைக் கூட்டவே செய்யும். ரத்தம் நின்ற பின் காயத்தின் மேல் கட்டுப்போட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நிற்காவிட்டால், அழுத்தியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.